ஆபரேஷனில் செலுத்தும் நீலச் சாயம்... அலர்ஜியானால் என்ன நடக்கும்? நோயாளிகள் கேட்டு வாங்கவேண்டிய ஒரு பெயர்!

மார்பகப் புற்றுநோய்க்கான ஆபரேஷன். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. சர்ஜன் ஒரு சிறிய ஊசியில் அடர்நீல நிறச் சாயத்தை எடுத்து, மார்பில் தோலுக்கு அடியில் செலுத்துகிறார். சில நிமிடங்கள் அந்த இடத்தை மெதுவாகத் தேய்த்துவிடுகிறார். பிறகு பச்சைத் துணிகளால் உடலை மூடி, அறுவை சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.

பதினைந்து, இருபது நிமிடங்கள் எந்தப் பிரச்னையும் இல்லை. திடீரென்று மானிட்டரில் பிபி இறங்குகிறது. 120 என்று இருந்தது 90 ஆகிறது. அடுத்த அளவீட்டில் 60. இதயத்துடிப்பு எகிறுகிறது. மயக்க மருந்து அதிகமாகிவிட்டதா? ரத்தக்கசிவா? இதயத்தில் கோளாறா? மயக்கவியல் நிபுணர் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே துணியை விலக்கிப் பார்க்கிறார். நோயாளியின் வயிற்றிலும் தொடையிலும் திட்டுத்திட்டாகத் தடிப்புகள். அவற்றில் சில நீல நிறத்தில் இருக்கின்றன.

இது ஒரு குறிப்பிட்ட நோயாளியின் கதை இல்லை. பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கும் சம்பவங்கள் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் நடந்திருக்கின்றன. 'அனாஃபிலாக்ஸிஸ்' எனப்படும் தீவிர ஒவ்வாமை அது. காரணம், புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவுவதற்காகச் செலுத்தப்பட்ட அந்தச் சாயம்.

அரிதாகவே நடக்கும். நடந்தாலும், சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால், ஒருமுறை பிழைத்தவருக்கு அடுத்த ஆபரேஷனிலும் அதே சாயம் செலுத்தப்பட்டுவிட்டால்? அதைத் தடுக்கும் விஷயத்தில் மருத்துவர்களுக்கு உள்ள பொறுப்பில் ஒரு பங்கு நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உண்டு.

எதற்காக உடலுக்குள் சாயம்?

மார்பகத்தில் தோன்றும் புற்றுநோய் பரவத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் போய்ச் சேர்வது அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்குத்தான். அதனால் முன்பெல்லாம், பரவியிருக்கிறதோ இல்லையோ, அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளை மொத்தமாக அகற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. அதன் விலையைப் பல பெண்கள் வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கிவிடும். ஜாக்கெட் கைக்குள் நுழையாது, வளையல் ஏறாது, தோளைத் தூக்க முடியாது.

'எல்லாவற்றையும் எடுப்பதற்கு பதில், புற்றுநோய் முதலில் போய்ச் சேரக்கூடிய ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பரிசோதித்தால் போதாதா?' என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 'சென்டினல் நோட் பயாப்ஸி'. சென்டினல் என்றால் காவலாள். வாசலில் நிற்கும் காவலாளைக் கடக்காமல் வீட்டுக்குள் போக முடியாது. அந்த முதல் நெறிக்கட்டியில் புற்றுநோய் இல்லையென்றால், அதற்கு அப்பால் உள்ளவற்றிலும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆண்குறிப் புற்றுநோயில் இந்த யோசனையை 1977-இல் முன்வைத்தவர் ராமோன் கபானியாஸ். 1992-இல் அமெரிக்க சர்ஜன் டொனால்ட் மார்ட்டன், தோலில் வரும் மெலனோமா புற்றுநோயில் நீலச் சாயத்தைச் செலுத்தி அந்தக் காவல் நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார். 1994-இல் அர்மாண்டோ ஜூலியானோ அதை மார்பகப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தார். செலுத்தப்படும் சாயம் நிணநீர்க் குழாய்களின் வழியாக ஓடி, முதல் நெறிக்கட்டியை நீலமாக்கிவிடும். சர்ஜன் அந்த நீல நிறத்தைப் பின்தொடர்ந்து போய், அந்தக் கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். இதனால் எண்ணற்ற பெண்கள் கை வீக்கத்திலிருந்து தப்பித்திருக்கிறார்கள்.

இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மதிப்பிட்டிருக்கிறது. ஆரம்ப நிலையிலேயே நோயைக் கண்டுபிடிப்பது கூடக்கூட, இந்தச் சாயச் சோதனைக்கு உள்ளாகும் பெண்களும் அதிகரிப்பார்கள். எனவே, இது எங்கோ யாருக்கோ நடக்கும் விஷயமில்லை.

எந்தெந்தச் சாயங்கள்?

ஐரோப்பாவில் பெரும்பாலும் பயன்படுவது 'பேட்டண்ட் ப்ளூ'. அமெரிக்காவில் 'ஐசோசல்ஃபான் ப்ளூ'. இரண்டும் 'ட்ரைஃபீனைல்மீத்தேன்' என்ற ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தீவிர ஒவ்வாமை அதிகம் பதிவாகியிருப்பது இந்த இரண்டுக்கும்தான்.

இந்தியாவில் பல மருத்துவமனைகளில் பயன்படுவது 'மெத்திலீன் ப்ளூ'. விலை மலிவு, எளிதில் கிடைக்கும். 1876-இல் ஜெர்மனியில் துணிக்குச் சாயம் ஏற்றுவதற்காகத் தயாரிக்கப்பட்டது இது. 1891-இல் பால் எர்லிக்கும் பால் குட்மனும் மலேரியா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தையின்மை சிகிச்சையில் லேப்ராஸ்கோப்பி செய்யும்போது, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் செலுத்துவதும் பெரும்பாலும் இந்த நீலச் சாயம்தான். மெத்திலீன் ப்ளூவால் தீவிர ஒவ்வாமை வருவது மற்ற இரண்டையும்விடக் குறைவு. ஆனாலும், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கென்று வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

எத்தனை பேருக்கு நடக்கிறது?

பிரிட்டனில் பேட்டண்ட் ப்ளூ செலுத்தப்பட்ட 7,917 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 72 பேருக்கு ஏதோ ஒரு பாதிப்பு ஏற்பட்டிருந்தது. பெரும்பாலானவை தடிப்பு, அரிப்பு போன்ற சிறிய பாதிப்புகள். உயிருக்கு ஆபத்தான அளவுக்குத் தீவிரமானது 5 பேருக்கு.

இன்னும் விரிவான கணக்கெடுப்பை பிரிட்டனின் ராயல் மயக்கவியல் கல்லூரி நடத்தியது. அந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஓராண்டு முழுக்க, மயக்க மருந்து கொடுத்த நேரத்தில் ஏற்பட்ட தீவிர ஒவ்வாமைகளையெல்லாம் திரட்டி 2018-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 266 சம்பவங்கள். 10 பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய 10,000 மயக்க மருந்து சிகிச்சைகளுக்கு ஒன்று என்ற விகிதம். முதல் மூன்று காரணங்கள்: ஆன்டிபயாட்டிக் மருந்துகள், தசைகளைத் தளர்த்தும் மருந்துகள், தோலைச் சுத்தப்படுத்தப் பயன்படும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி. நான்காவது இடத்தில் பேட்டண்ட் ப்ளூ.

'நான்காவதுதானே' என்று தோன்றலாம். ஆன்டிபயாட்டிக் ஏறக்குறைய எல்லா பெரிய ஆபரேஷன்களிலும் கொடுக்கப்படுகிறது. நீலச் சாயமோ குறிப்பிட்ட சில ஆபரேஷன்களில் மட்டும்தான். எத்தனை பேருக்குச் செலுத்தினார்கள் என்பதோடு ஒப்பிட்டால், சுமார் 7,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இந்தச் சாயம் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது.

முதல்முறை செலுத்தும்போதே அலர்ஜி வருமா?

பொதுவாக ஒவ்வாமைக்கு ஒரு 'முன்கதை' தேவை. இதைக் கண்டுபிடித்ததே சுவாரஸ்யமான கதை. 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் ஆய்வுப் பயணம் போனார்கள் ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள். ஜெல்லிமீன் போலக் கொட்டும் கடல் உயிரிகளின் நஞ்சைப் பற்றி ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பியதும் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்தி, எதிர்ப்பு சக்தி வருகிறதா என்று பார்த்தார்கள். முதல்முறை தாக்குப்பிடித்த நாய், சில வாரங்கள் கழித்து அதே நஞ்சைக் கொஞ்சமாகச் செலுத்தியபோது அரை மணி நேரத்துக்குள் இறந்துபோனது. பாதுகாப்பு வரும் என்று எதிர்பார்த்தால், நேர் எதிராக நடந்தது. 'பாதுகாப்புக்கு எதிரானது' என்ற பொருளில் 'அனாஃபிலாக்ஸிஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நாயின் உடலில் நடந்தது இதுதான். முதல் சந்திப்பில், நோய் எதிர்ப்பு அமைப்பு அந்தப் பொருளை எதிரி என்று குறித்துவைத்துக்கொள்கிறது. மனிதர்களில் இதற்கென உருவாகும் 'ஐஜிஇ' என்ற எதிர்ப்புப் புரதங்கள், தோல், நுரையீரல், ரத்தக்குழாய் ஓரங்களில் உள்ள 'மாஸ்ட்' செல்களின் மீது போய் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்தமுறை அதே பொருள் வந்ததும், மாஸ்ட் செல்கள் தங்களுக்குள் இருக்கும் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. ரத்தக்குழாய்கள் விரிந்து, அவற்றிலிருந்து திரவம் கசிகிறது. பிபி சரிகிறது. மூச்சுக்குழாய் இறுகுகிறது.

அப்படியென்றால், வாழ்நாளிலேயே முதன்முதலாக ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு எப்படிச் சாய அலர்ஜி வருகிறது? அவர் அந்தச் சாயத்தையோ, அதன் உறவுக்காரச் சாயத்தையோ முன்பே வேறெங்கோ சந்தித்திருக்கலாம் என்பது மருத்துவர்களின் கருத்து. இந்த வேதிக் குடும்பத்தின் சாயங்கள் துணி, அழகுசாதனப் பொருள்கள், சோப்பு, காகிதம், உணவு வண்ணங்கள் எனப் பலவற்றில் இருக்கின்றன. பேட்டண்ட் ப்ளூவே ஐரோப்பாவில் ஈ131 என்ற எண்ணுடன் உணவு நிறமியாகப் பயன்படுகிறது. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட வண்ணங்களின் பட்டியலில் அது இல்லை. ஆனால், அதே குடும்பத்தைச் சேர்ந்த 'பிரில்லியன்ட் ப்ளூ' இருக்கிறது. அதற்காக நீல மிட்டாய் சாப்பிட்டவர்களெல்லாம் பயப்படத் தேவையில்லை. இந்தச் சாயங்களோடு தினமும் புழங்குபவர்களில் மிக மிகச் சிலருக்கு மட்டுமே ஒவ்வாமை உருவாகிறது. அது யாருக்கு உருவாகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை.

மயக்கத்தில் இருப்பவர் எப்படிச் சொல்வார்?

விழித்திருக்கும்போது அலர்ஜி வந்தால், 'அரிக்குது', 'தொண்டையை அடைக்குது', 'தலை சுத்துது' என்று சொல்லிவிடுவோம். மயக்கத்தில் இருப்பவரால் இது எதையும் சொல்ல முடியாது. உடலின் பெரும்பகுதி துணியால் மூடப்பட்டிருப்பதால் தோல் தடிப்பும் கண்ணில் படாது. மூச்சு வென்டிலேட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும். மிஞ்சுவது மானிட்டர் மட்டும்தான். பிரிட்டன் கணக்கெடுப்பில், ஏறக்குறைய பாதிப் பேரிடம் முதலில் தெரிந்த அறிகுறியே பிபி குறைந்ததுதான்.

பிபி குறைய ஆபரேஷன் தியேட்டரில் வேறு நூறு காரணங்கள் உண்டு. மயக்க மருந்தே பிபியைக் குறைக்கும். போதாததற்கு, நீலச் சாயம் இரண்டு குழப்பங்களையும் கூடவே கொண்டுவருகிறது.

ஒன்று, நேரம். நரம்பில் செலுத்தும் ஆன்டிபயாட்டிக்கால் வரும் அலர்ஜி பெரும்பாலும் ஐந்து நிமிடங்களுக்குள் தெரிந்துவிடும். சாயமோ தோலுக்கு அடியில் செலுத்தப்படுகிறது. மெதுவாகக் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. அதனால் ஒவ்வாமையும் பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று தாமதமாகவே தலைகாட்டும். அதற்குள் வேறு பல மருந்துகளும் கொடுக்கப்பட்டிருக்கும் என்பதால், சந்தேகம் சாயத்தின் மேல் உடனே போகாது. உடலில் சாயம் தொடர்ந்து உறிஞ்சப்படுவதால், சிகிச்சைக்குப் பிறகும் பாதிப்பு நீடிக்கலாம், அடங்கி மறுபடியும் எழலாம்.

இரண்டு, ஆக்ஸிஜன் அளவு. கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கே வந்துவிட்ட பல்ஸ் ஆக்ஸிமீட்டர், விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. நீலச் சாயம் ரத்தத்தில் கலந்ததும் அதே சிவப்பு ஒளியை அதுவும் உறிஞ்சிவிடும். கருவி ஏமாந்து, ஆக்ஸிஜன் குறைந்துவிட்டதாகக் காட்டும். உண்மையில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கலாம். அலர்ஜியே இல்லாத நோயாளிக்கும் இப்படி நடக்கும். அப்போது தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்தால்தான் உண்மை தெரியும். குறைந்தது அளவீடு மட்டும்தானா, அல்லது ஒவ்வாமையால் நிஜமாகவே மூச்சுக்குழாய் இறுகிவிட்டதா என்று சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் நோயாளியின் முகம் சாம்பல் கலந்த நீலமாக இருப்பதைப் பார்த்து உறவினர்கள் பதறுவதுண்டு. சிறுநீர் ஓரிரு நாள்கள் பச்சையாகவோ நீலமாகவோ போகும். ஊசி போட்ட இடத்தில் நீலத்தழும்பு பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில்கூட இருக்கும். இவையெல்லாம் அலர்ஜி அல்ல. சாயம் உடலிலிருந்து வெளியேறும் வழிகள்தான்.

காப்பாற்றும் மருந்து

அனாஃபிலாக்ஸிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். விரிந்த ரத்தக்குழாய்களைச் சுருக்கி பிபியை உயர்த்துவது, மூச்சுக்குழாயைத் திறப்பது, மாஸ்ட் செல்கள் மேலும் வேதிப்பொருள்களைக் கொட்டுவதைக் குறைப்பது என மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும். பலர் நினைப்பதுபோல அவில், ஸ்டீராய்டு ஊசிகள் இதற்கு மாற்று இல்லை. அவை துணை மருந்துகள் மட்டுமே.

அடுத்தது, நரம்பு வழியாக நிறைய திரவம். தீவிரமான ஒவ்வாமையில், ரத்தத்தின் திரவப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வரை சில நிமிடங்களிலேயே குழாய்களுக்கு வெளியே கசிந்துவிடக்கூடும். அதை ஈடுகட்டாமல் அட்ரினலின் மட்டும் கொடுத்தால் போதாது. பிபி திரும்பிய பிறகும், நோயாளியை ஒரு நாளாவது ஐசியூவில் வைத்துக் கவனிப்பார்கள். சாய ஒவ்வாமை மறுபடி தலைதூக்கலாம் என்பதே காரணம்.

முன்கூட்டியே ஸ்டீராய்டும் அலர்ஜி மருந்தும் கொடுத்துவிட்டால் தடுக்கலாமே? அப்படிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வரும் ஒவ்வாமையின் வேகம் குறைந்தது. ஆனால், ஒவ்வாமை வராமல் தடுக்க முடியவில்லை.

பிழைத்த பிறகுதான் முக்கியமான வேலை

பல குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் இது. உயிர் பிழைத்த நிம்மதியில், 'உள்ளே ஏதோ பிபி குறைஞ்சிடுச்சாம், சரி பண்ணிட்டாங்க' என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எதனால் என்று தெரியாமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். புற்றுநோய் சிகிச்சை ஒரே ஆபரேஷனோடு முடியும் என்று சொல்ல முடியாது. அடுத்த ஆபரேஷன் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் நடக்கலாம். அங்கிருக்கும் மருத்துவருக்கு இந்தக் கதை எப்படித் தெரியும்?

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு படிகள் உண்டு. முதலாவது, 'ட்ரிப்டேஸ்' ரத்தப் பரிசோதனை. மாஸ்ட் செல்கள் வெடிக்கும்போது ரத்தத்தில் கூடும் பொருள் இது. சம்பவம் நடந்த சில மணி நேரத்துக்குள் ஒருமுறை, ஒரு நாள் கழித்து மறுமுறை எடுத்து ஒப்பிடுவார்கள். முதல் அளவு தெளிவாகக் கூடுதலாக இருந்தால், நடந்தது அனாஃபிலாக்ஸிஸ்தான் என்பதற்கு வலுவான ஆதாரம்.

ஆனால், எந்த மருந்தால் என்பதை ட்ரிப்டேஸ் சொல்லாது. அதற்கு இரண்டாவது படி, தோல் பரிசோதனை. நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து, ஆபரேஷனில் கொடுத்த ஒவ்வொரு மருந்தையும் சாயத்தையும் மிகச் சிறிய அளவில் தோலில் வைத்து, அலர்ஜி நிபுணர் பரிசோதிப்பார். மயக்கவியல் நிபுணர் எழுதிவைத்த, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்ற பட்டியல் இதற்கு அவசியம். அதன் நகல் இல்லாமல் அலர்ஜி நிபுணரிடம் போனால், இருட்டில் தேடுவதுபோலத்தான்.

காரணம் உறுதியானால், அந்தச் சாயத்தின் பெயர் எழுத்தில் கிடைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டை அலர்ஜி' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஏன் என்பதற்கு நம் ஊர் பேச்சுவழக்கே காரணம்.

எல்லாமே 'டை' இல்லை!

நம்மிடம் 'டை' என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. சி.டி ஸ்கேனுக்கும் ஆஞ்சியோகிராமுக்கும் செலுத்துவது 'டை'. கண் பரிசோதனைக்கு ஊசி போடுவதும் 'டை'. ஆபரேஷனில் செலுத்துவதும் 'டை'. தலைமுடிக்குப் பூசுவதும் 'டை'. வேதியியலில் இவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை.

சி.டி ஸ்கேன், ஆஞ்சியோ டை: அயோடின் கலந்த, நிறமே இல்லாத திரவம். ஜப்பானில் 3 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நடந்து 1990-இல் வெளியான ஆய்வில், பழைய வகை திரவத்தில் 10,000 பேருக்கு 22 பேருக்கு ஏற்பட்ட தீவிர எதிர்வினை, புதிய வகையில் 4 பேராகக் குறைந்தது. இன்று பயன்படுவது புதிய வகைதான்.

கண் ஆஞ்சியோகிராம்: சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்வது. செலுத்துவது 'ஃப்ளூரோசீன்' என்ற மஞ்சள் சாயம். குமட்டல் சகஜம். தீவிரமான எதிர்வினை சுமார் 1,900 பேரில் ஒருவருக்கு என்கிறது 1986-இல் வெளியான அமெரிக்க ஆய்வு.

பச்சைச் சாயம்: 'இண்டோசயனின் கிரீன்'. சிறப்பு கேமராவில் மட்டும் ஒளிரும். பித்தப்பை ஆபரேஷனில் பித்தக்குழாயை அடையாளம் காணவும், நீலச் சாயத்துக்கு மாற்றாக நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்கவும் பயன்படுகிறது. ஒவ்வாமை அரிது. இதில் சிறிதளவு அயோடைடு உப்பு கலந்திருக்கும்.

ஸ்கேன் டை ஒத்துக்கொள்ளாத ஒருவர், 'எனக்கு டை அலர்ஜி' என்று மட்டும் சொன்னால், தேவையான நீலச் சாயச் சோதனை அவருக்குத் தவிர்க்கப்படலாம். நீலச் சாயம் ஒத்துக்கொள்ளாதவர் அதையே சொன்னால், ஸ்கேன் டை என்று நினைத்து, ஆபத்தான சாயமே செலுத்தப்படலாம். பெயர் முக்கியம் என்பது இதனால்தான்.

இன்னொரு நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 'இறால், நண்டு ஒத்துக்காது. அதனால ஸ்கேன் டையும் ஒத்துக்காது' என்பது. இரண்டிலும் அயோடின் இருப்பதால் வந்த குழப்பம். இறால், நண்டு அலர்ஜிக்கு முக்கியக் காரணம் அவற்றின் தசையில் உள்ள 'ட்ரோபோமயோசின்' என்ற புரதம். அயோடின் இல்லை. கடல் உணவு அலர்ஜி இருப்பதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால், அதற்காக ஸ்கேனையே மறுக்க வேண்டாம்.

மெத்திலீன் ப்ளூ: தனி எச்சரிக்கைகள்

நம் ஊரில் அதிகம் பயன்படும் இந்தச் சாயத்தில், அலர்ஜி தவிர இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, இது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மனஅழுத்தத்துக்கான சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு, இந்தச் சாயத்தை ரத்தநாளத்தில் செலுத்தினால், மூளையில் செரோட்டோனின் அளவு ஆபத்தாகக் கூடலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் இதுபற்றி எச்சரித்தது. 'மனநல மருந்து சாப்பிடுவதை ஏன் சர்ஜனிடம் சொல்ல வேண்டும்?' என்று மறைப்பவர்கள் நம்மிடம் அதிகம். மறைக்க வேண்டாம். அதேபோல, பிபிக்காகவும் இதயத்துக்காகவும் சாப்பிடும் சில மாத்திரைகள், அலர்ஜி வந்தால் மீள்வதைக் கடினமாக்கும். அவற்றையும் சொல்லுங்கள். ஆனால், எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பேட்டண்ட் ப்ளூ ஒத்துக்கொள்ளாதவருக்கு மெத்திலீன் ப்ளூ செலுத்தலாமா? இரண்டின் வேதிக் குடும்பங்கள் வேறு. ஆனாலும், சிலருக்குத் தோல் பரிசோதனையில் இரண்டுமே ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது. எனவே, பரிசோதிக்காமல் பாதுகாப்பானது என்று முடிவுசெய்ய முடியாது. சாயமே வேண்டாம் என்றால், டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள், பச்சைச் சாயம், இரும்பு நுண்துகள் என மாற்று வழிகள் இருக்கின்றன. எல்லா மருத்துவமனைகளிலும் எல்லாம் கிடைக்காது. அதனால்தான் முன்கூட்டியே பேச வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் கேளுங்கள், சொல்லுங்கள்

1. 'இந்த ஆபரேஷனில் ஏதாவது சாயம் செலுத்துவீர்களா? அதன் பெயர் என்ன?'

2. முன்பு ஏதாவது மருந்து, ஸ்கேன் டை, ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். தடிப்பா, வாந்தியா, மூச்சுத்திணறலா என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

3. ஆஸ்துமா, அடிக்கடி தோல் தடிப்பு, துணிச்சாயம் அல்லது அழகுசாதனப் பொருள்கள் ஒத்துக்கொள்ளாமை இருந்தால், சின்ன விஷயம் என்று விட்டுவிடாமல் மயக்கவியல் நிபுணரிடமும் சொல்லுங்கள்.

4. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

பிரச்னை ஏற்பட்டிருந்தால்...

1. 'எதனால் என்று சந்தேகிக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். கொடுக்கப்பட்ட எல்லா மருந்துகளின் பெயரும் நேரமும் கொண்ட மயக்க மருந்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

2. ட்ரிப்டேஸ் பரிசோதனை எடுத்திருந்தால் அதன் முடிவையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். தோல் பரிசோதனைக்கு எங்கே, எப்போது போக வேண்டும் என்று கேளுங்கள்.

3. டிஸ்சார்ஜ் சம்மரியில் சாயத்தின் முழுப்பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

4. மருந்துகளால் ஏற்படும் பாதிப்புகளைத் திரட்ட, இந்திய மருந்தியல் ஆணையத்தின் கீழ் ஒரு தேசியத் திட்டம் 2010 முதல் இயங்குகிறது. மருத்துவர்கள் மட்டுமல்லாமல் நோயாளிகளும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'சாயமே வேண்டாம், ஆபரேஷனே வேண்டாம்' என்று முடிவெடுப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. 7,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய, தயார்நிலையில் இருந்தால் சமாளிக்கக்கூடிய ஒவ்வாமையைவிட, சிகிச்சை பெறாத புற்றுநோய் பல மடங்கு ஆபத்தானது. அந்த நீலச் சாயத்தால் கை வீக்கம் இல்லாமல் வீடு திரும்பியவர்களின் எண்ணிக்கை, அதனால் பாதிக்கப்பட்டவர்களைவிடப் பன்மடங்கு அதிகம்.

ஆனால், பாதிக்கப்பட்ட அந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், சாயத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அவருடைய பர்ஸில் வையுங்கள். அதையே போட்டோ எடுத்து, வீட்டில் எல்லோருடைய போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது அவரால் பேச முடியாமல் போகலாம். வெளியே நிற்பவர்களால் சொல்ல முடியும்.